பாய்லர்காரன் காது

காது போவது பல் போவது மாதிரி இல்லை. பல் முதலில் ஆடும், வலிக்கும், பிறகு ஒருநாள் கையோடு வந்துவிடும். காது சொல்லிக்கொண்டு போவதில்லை. என் காது எந்த மாதம் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது.

அப்போது ஊரெல்லாம் டீசலும் கரண்டும் வந்தாகிவிட்டது. மலையேறும் ரயிலுக்கு மட்டும் நீராவி இஞ்சின். அடிவாரத்து ஷெட்டில் நான் பாய்லர் மேக்கர். என் சொந்த ஊர் சிங்காநல்லூர். அங்கே என் அம்மா, மகன் ரயில்வேயில் இருக்கிறான் என்று சொல்வாள். கேட்டவர்கள் கொடியாட்டுகிற உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா திருத்த மாட்டாள். லீவுக்குப் போகும்போது நான் காது மடலுக்குப் பின்னால் கரியோடு பஸ்ஸை விட்டு இறங்குவேன். அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் வேலையில் முக்கியமானது ஸ்டே தட்டுவது. இஞ்சினின் நெருப்புப் பெட்டிக்கு உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று, நடுவில் நான்கு விரல் அகலத்துக்குத் தண்ணீர். இரண்டு சுவரும் விலகிவிடாமல் இருக்கக் குறுக்கே குட்டைக் கம்பிகளை வரிசை வரிசையாக முறுக்கி அடித்திருப்பார்கள். அதுதான் ஸ்டே. ஒரு பாய்லரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அறுந்தால் நடுவில், தண்ணீருக்குள் அறுந்து கிடக்கும். வெளியே தலை ஒழுங்காகத் தெரியும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாய்லரை ஆறவிட்டு, தண்ணீரை இறக்கி, உள்ளே கழுவிய பிறகு, நெருப்புப் பெட்டிக்குள் புகுந்து சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்க வேண்டும். நல்லது ‘ணங்’ என்று சொல்லும். அறுந்தது ‘தொப்’ என்னும். ஒன்று அறுந்தால் அதன் பாரம் பக்கத்தில் இருப்பதன் மேல் விழும். நான்கைந்து சேர்ந்து அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஷெட்டுக்குள் பேச மாட்டோம். அதே இஞ்சின்தான் மறுநாள் பெட்டி நிறையக் குழந்தை குட்டிகளோடு ஜனங்களை மலைமேல் தள்ளிக்கொண்டு போகும்.

ஆக, பாய்லர்காரனுக்குக் கையைவிடக் காது முக்கியம். அந்தக் காதைத் தின்பதும் பாய்லர்தான். வெளியே ஒருவன் ரிவெட் அடிக்க, உள்ளே ஒருவன் முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒல்லி. சேர்ந்த நாளிலிருந்து உள்ளே போகும் ஆள் நான்தான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போவோம். அந்தச் சத்தத்துக்கு முன்னால் பஞ்சு என்ன செய்யும்? வெளியே வந்தபிறகு மாலைவரை தலைக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். இட்லி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்த வயசு அது.

காது மந்தமானவனைப் பாய்லர் பக்கம் விட மாட்டார்கள். சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். ஸ்டோரில் உட்காரவைத்து போல்ட்டும் நட்டும் எடுத்துக்கொடுக்கச் சொல்வார்கள். எங்கள் ஷெட்டில் அப்படி ஒருவர் இருந்தார். அவரைக் கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். கவுண்டரில் நின்று வெறும் வாயை அசைப்பேன். அவர் காதைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பாய்லரை விட்டால் வேறொன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. நாளைக்கு அந்த நாற்காலி எனக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

என் ஜோடி, கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் காலை ரயிலில் வருகிற ஒரு பாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ரிவெட் அடிக்கும்போது வெளியே நிற்கிற கை அவருடையது. அதனால் அவர் காது தப்பித்தது. அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசுவேன். ஸ்டே தட்டும்போது நெருப்புப் பெட்டியின் இடப்பக்கச் சுவர் எனக்கு, வலப்பக்கம் அவருக்கு. முன்னும் பின்னும் இருக்கிற சுவர்களை முறை வைத்துப் பார்ப்போம். ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் தட்டி முடித்த சுவரை இன்னொருத்தர் தட்டக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. தட்டினால், உன் காதை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதற்காக இரண்டு பேர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி சோமனூர்க்காரி. பெண் பார்க்கப் போன அன்று அவள் குரலை நான் கேட்கவே இல்லை. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பத்துப் பன்னிரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் காபித் தட்டோடு நின்றபடி, வாசலுக்கு அந்தப்பக்கம் இருந்த அவள் அம்மாவிடம் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கேட்டாள். அம்மா புருவத்தைத் தூக்கிப் பதில் சொன்னாள். தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பேச்சு வரும். குரலே எடுக்காமல் உதட்டைக் கொஞ்சம் அகலமாக அசைத்து ஒரு குடும்பச் சண்டையையே போட்டு முடித்துவிடுவார்கள். கல்யாணம் முடிந்து பஸ்ஸில் போகும்போதுதான் முதன்முதலில் அவள் குரலைக் கேட்டேன். "ஏனுங்க, அந்த ஜன்னல சாத்துங்களே" என்றாள். மெல்லிசான குரல். கடைசி எழுத்தில் லேசாகக் கரகரத்து இறங்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, இன்னும் எதையாவது சொல்ல மாட்டாளா என்று சிங்காநல்லூர் வரைக்கும் காத்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் தறிப்பேச்சை எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவர்கள் தலைக்கு மேலாகப் பார்த்து, "இவங்க எந்த பஸ்ஸுக்குப் போறாங்களாமா?" என்று உதட்டால் கேட்பாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மோரைக் குடிப்பேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஷெட் ஆட்களுக்கு ரயில்வே வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு ஒன்றில் இரண்டே பேர். இந்த விளையாட்டெல்லாம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாஷ்அவுட் நாள், அதாவது பாய்லரைக் கழுவித் தட்டிப் பார்க்கிற நாள். என் சுவரைத் தட்டி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். சுத்தியலை உள்ளேயே வைத்துவிட்ட ஞாபகம் வந்து திரும்பி வந்து, நெருப்புப் பெட்டிக்குள் தலையை விட்டேன். பாய் என் சுவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் என் சுத்தியல். மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு ஸ்டேயைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம். நான் போடாத வட்டம்.

"என்னுங்க பாய் இது?" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். "ஒண்ணு அறுந்திருக்குதுங்க மாப்ள" என்றார்.

"நான் தட்டினது அது. நல்லா இருந்துச்சு."

"இப்ப தட்டிப் பாருங்க."

தட்டினேன். எனக்கு நல்லதாகத்தான் பட்டது. பக்கத்தில் இருந்ததையும் தட்டினேன். அதுவும் அப்படியேதான் இருந்தது. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?"

"எட்டு மாசமாச்சுங்க. இதோட மூணு."

எட்டு மாதமாக, நான் வெளியே போனபிறகு, என் சுவரை அவர் மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறார். நான் நல்லது என்று விட்டதில் மூன்றைப் பிடித்திருக்கிறார். முன்னே பிடித்த இரண்டையும் நான் இல்லாத நேரம் பார்த்து, தன் கணக்கில் சொல்லி மாற்றியிருக்கிறார். இதில் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. "என் காது செவிடுன்னு சொல்றீங்களா? என் சம்சாரம் முணுமுணுத்தாக்கூட எனக்குக் கேக்குதுங்க. அவ குரல் எப்பிடின்னு உங்களுக்குத் தெரியுமா? பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காது. ஞாயித்துக்கிழமை ஊட்டுக்குச் சாப்பிட வாங்க. வந்து உங்க கண்ணாலயே பாத்துப்போட்டு அப்பறம் என் சுவத்தத் தட்டுங்க" என்றேன்.

அது வீம்புக்குச் சொன்னதல்ல. நான் அதை நம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் சொல்வது சில நாள் விளங்காது. டீக்கடையில் பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியாது. அதெல்லாம் இரைச்சல், ஜனங்கள் இப்போது தெளிவாகப் பேசுவதில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனால் அவள் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது. அவ்வளவு மெல்லிய குரல் கேட்கிறதென்றால் காதுக்கு என்ன குறை?

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். அவருக்காக என் மனைவி காலையிலேயே நாட்டுக்கோழி வாங்கிவரச் சொல்லி, பள்ளிபாளையம் மாதிரி வறுத்திருந்தாள். கோழியை ஹலால் கடையிலேயே அறுத்து வாங்கி வந்தாயிற்று என்று அவரிடம் முதலிலேயே சொல்லி உட்காரவைத்தாள். இரண்டு பேருக்கும் இலை போட்டாள். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்து, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். "ஊத்து" என்றேன். "தயிர் புளிச்சிருக்கு, மோரா வேணுங்களா?" என்றாள். "மோரே குடு" என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து, "கடைக்காரரு சில்லறை குடுத்தாருங்களா?" என்று கேட்டாள். "குடுத்துப்போட்டாரு" என்று சொல்லிவிட்டு, பாயைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

அவர் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், எடுத்துச் சாப்பிடவில்லை. தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். லைன் வீடுகளைத் தாண்டி, பாக்குத் தோப்பு ஓரத்தில் அவர் நின்றார். என் தோளைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சி எங்கிட்டப் பேசறப்பச் சத்தம் வந்துச்சு. உங்ககிட்டப் பேசறப்ப வரலீங்க."

"என்ன சொல்றீங்க?"

"வெறும் வாய அசைக்குதுங்க. ஒரு வார்த்தைகூடச் சத்தம் இல்ல. நீங்க அத்தனைக்கும் பதில் சொல்றீங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அவரை நம்பவில்லை. ஆனால் வீட்டுக்கு ஓடாத குறையாகத்தான் வந்தேன்.

அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். "அம்மணி, எதையாச்சும் பேசு" என்றேன். காத்திருந்தேன். சுவரில் காலண்டர் இருந்தது. அதில் பிரதோஷம், சஷ்டி எல்லாம் படித்தேன். எதுவும் கேட்கவில்லை. "பேசு கண்ணு" என்றேன் மறுபடியும். திரும்பிப் பார்த்தேன். ஈரக் கையோடு எழுந்து நின்றிருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இந்தத் தடவை அவள் குரல் எடுத்துத்தான் பேசியிருக்கிறாள். என் முதுகுக்கு அது வந்து சேரவில்லை.

அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். அவள் உதட்டைப் பார்த்து நான் கேட்டது இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பூசணிக்காய் வாங்கட்டுமா என்று பின்னாலிருந்து மூன்று தடவை கேட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. நான்காவது தடவை கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன அம்மணி, ஊட்டுக்காரருக்குக் காது கேக்கறதில்லியா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் எங்கள் ஷெட்தான்.

"அன்னிக்குப் பயந்துபோட்டனுங்க" என்றாள். "நான் ஒவ்வொரு நாளும் கத்தினா லைன் முழுக்கத் தெரிஞ்சுபோயிரும். ஷெட்டுக்குப் போயிரும். உங்களப் பாய்லர்ல இருந்து எடுத்துப்போடுவாங்க. அது இல்லாம நீங்க எப்பிடி இருப்பீங்க? அதான் தறிப்பேச்சே பேசிட்டனுங்க. உங்களுக்கு வித்தியாசம் தெரியல. தெரியாம இருக்கறதும் நல்லதுன்னு உட்டுட்டேன்."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மைதான். உதடு அசைந்தால் போதும், அவள் குரல் என் தலைக்குள் தானாகவே கேட்டது. கரகரத்து இறங்குகிற அந்தக் கடைசி எழுத்துவரைக்கும் கேட்டது. இரண்டு வருடம் அவள் சொந்த வீட்டில் குரல் இல்லாமல் இருந்திருக்கிறாள். நான் பகலெல்லாம் ஷெட்டில் பேசிவிட்டு வந்து, அவளிடமும் பேசியிருக்கிறேன்.

மறுநாள் காலை நேராகச் சார்ஜ்மேன் ரூமுக்குப் போனேன். மூன்று ஸ்டே என்பது மூன்று ஸ்டே. பாய் தட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். "சார், எனக்குக் காது போயிருச்சு. பாய்லர் வேண்டாம்" என்றேன். அவர் என்னவோ கேட்டார். குனிந்துகொண்டு கேட்டதால் எனக்குப் புரியவில்லை. அதுவே போதுமாக இருந்தது. டாக்டரிடம் அனுப்பினார்கள். காகிதம் வந்தது. ஸ்டோர் நாற்காலி எனக்கு வந்தது.

முதல் நாள் கவுண்டருக்கு வந்தவர்கள் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. பாய் தினமும் டீயை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து குடித்தார். இடப்பக்கச் சுவரையும் இப்போது அவரே தட்டுவதாகச் சொன்னார். எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வாஷ்அவுட் நாளில் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு இஞ்சின் பக்கம் போவேன். பாய் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும்போது வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு தட்டும் கையில் வந்து தொடும். ‘ணங்’ என்ற அந்தச் சத்தம் மட்டும் வராது. அதற்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஏக்கத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

தாங்க முடியாதது வீட்டில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு என் தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரலும் நின்றுபோனது. சத்தம் வரவில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு, அவள் உதடு அசைந்தால் உதடுதான் தெரிந்தது. சொல்வது புரிந்தது. அவ்வளவுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸையும் ஜன்னலையும் நினைத்துப் பார்ப்பேன். சொற்கள் வரும், குரல் வராது. பாயை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அவள் குரலோடு இருந்திருப்பேனே என்று ஒரு கெட்ட எண்ணம் வரும். மலைமேல் போன ஜனங்களை நினைத்து அதை விரட்டுவேன். மறுபடியும் வரும்.

ஸ்டோருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் அவளிடம் சொன்னேன்: "இனி மறைக்க என்ன இருக்குது? ஊருக்கே தெரிஞ்சு போச்சு. என் பக்கத்துல வந்து கத்து. எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு."

"என்னன்னு கத்தறதுங்க?" என்றாள்.

"என்ன வேணாலும்."

வெட்கப்பட்டாள். கதவைச் சாத்தப் போனாள், வேண்டாம் என்றேன். என் வலது காதருகில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து வைத்துக்கொண்டாள். அவள் மூச்சு காதில் சுட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு கனத்த சத்தம். மெல்லிசும் இல்லை, கரகரப்பும் இல்லை. அது எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். இன்னொரு தடவை கத்தினாள். இன்னொரு தடவை. கண்ணைத் திறந்தபோது அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு கண்ணு. நல்லாவே கேட்டுச்சு. அதே குரல்தான்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தைப் படிப்பதில் சோமனூர்க்காரியை ஏமாற்ற முடியுமா? இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். பிறகு சட்டென்று முன்னால் வந்து என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். இன்னொரு கையால் தெருக்கதவுப் பக்கம் காட்டினாள். அங்கே பக்கத்து வீட்டம்மாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் பதறிப்போய் வந்து நின்றிருந்தார்கள். அப்போதுதான் நான் எவ்வளவு சத்தமாக அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.